நூதனசாலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக முதல்

ஒரு பிள்ளைக்கு 4,000 ரூபாய். ஓவியங்களுக்கு முன்னால் நின்ற நேரம் 35 நிமிடம். எங்கள் பாடசாலையின் முதலாவது கலைக்கூடப் பயணத்தின் கணக்கு இவ்வளவுதான். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுப் பக்கம் போகும் வீதியில் உள்ள பாடசாலை ஒன்றில் சித்திரம் படிப்பிக்கிறேன். கொழும்பில் உள்ள ஓர் ஓவியக்கூடத்தோடு சேர்ந்து பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஓவியம் காட்டலாம் என்று இறங்கியபோது, இதை முன்பு செய்துபார்த்த ஒருவரும் எனக்கு அகப்படவில்லை. அகப்பட்டிருந்தால் ஒரு வருடம் மிஞ்சியிருக்கும். எங்கே சறுக்கியது, ஏன் சறுக்கியது, அடுத்த வருடம் எதை மாற்றினோம் என்று விபரமாக எழுதுகிறேன். அந்தக் கலைக்கூடத்தின் பெயர் வேண்டாம். பிழையில் பாதி எங்களுடையது.

காசை முதலில் சொல்லிவிடுகிறேன், அதிபர்மார் முதலில் கேட்பதும் அதைத்தான். 48 பிள்ளைகள், ஆறு பெரியவர்கள். போக வர ஏறத்தாழ 680 கிலோமீற்றர், பஸ் வாடகை 125,000. சாப்பாடும் தண்ணீரும் 45,000. நுழைவுச் சீட்டு, வாகனத் தரிப்பிடம், போட்டோக்கொப்பி, பென்சில், சத்திக் குளிசை, பொலித்தீன் உறை என்று உதிரிச் செலவு 22,000. மொத்தம் 192,000. பிள்ளைகளிடம் தலைக்கு 3,000 வாங்கியதில் 144,000 வந்தது. பாடசாலை அபிவிருத்திச் சங்கம் 30,000 தந்தது. மிச்சம் 18,000 என் சம்பளத்தில் போனது. அது போனதுகூடப் பெரிய கவலையில்லை. 3,000 கட்ட வழியில்லாமல் 11 பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். வகுப்பிலேயே கை நல்ல பிள்ளை ஒருத்தியும் அதில் அடக்கம். தாய் கச்சான் தோட்டத்தில் கூலி வேலை. “எனக்கு பஸ்ஸில சத்தி வரும் ரீச்சர், நான் வரேல்ல” என்றாள். நானும் நம்பிவிட்டேன்.

ஆகவே தலைக்கு இவ்வளவு என்று அறிவிக்க முதல் பஸ் காசைத் தேடுங்கள். நாங்கள் கலைக்கூடத்திடம் கேட்ட ஒரே சலுகை நுழைவுக் கட்டணக் கழிவு. மொத்தச் செலவில் அது ஒரு துளி. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் 2011இல் திறந்த கிறிஸ்டல் பிரிட்ஜஸ் என்ற ஓவிய நூதனசாலை, பாடசாலைகளுக்குப் பயணச் செலவு, மதியச் சாப்பாடு, ஆசிரியர் வெளியே போனால் வகுப்பைப் பார்க்க வருபவரின் கூலி வரைக்கும் தன் நிதியில் கொடுத்தது. கேட்ட பாடசாலைகள் கூடிவிட்டதால் குலுக்கல் போட்டார்கள். குலுக்கலில் வென்றவர்களையும் காத்திருந்தவர்களையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள்: 123 பாடசாலைகள், கிட்டத்தட்ட 11,000 மாணவர்கள். ஓவியத்தைக் கூர்ந்து பார்த்து யோசிக்கும் திறன் போய்வந்தவர்களுக்குக் கூடியிருந்தது. கிராமத்துப் பிள்ளைகளுக்கும் வசதி குறைந்த பிள்ளைகளுக்கும் அந்தப் பயன் இன்னும் அதிகம். இத்தனைக்கும் அந்தச் சுற்று ஏறத்தாழ ஒரு மணித்தியாலம், பார்த்தது ஐந்து ஓவியம் அளவில்தான். பயணச் செலவு கேட்பதை யாசகம் மாதிரி நினைத்து நான் கூச்சப்பட்டேன். கேட்க வேண்டிய முதல் விடயமே அதுதான்.

அடுத்த சறுக்கல் கடிதம். பொது மின்னஞ்சல் முகவரிக்கு, “எமது மாணவர்கள் தங்கள் கலைக்கூடத்தைப் பார்வையிட விரும்புகின்றனர், ஆவன செய்து உதவவும்” என்று எழுதிப்போட்டேன். இரண்டு கிழமை கழித்துத் தொலைபேசியில் ஒருவர் வரச்சொன்னார். அதையே ஒப்பந்தம் என்று எடுத்துக்கொண்டேன். அவருடைய பெயர் கேட்கவில்லை. நேரத்தை எழுத்தில் வாங்கவில்லை. எத்தனை பேர் என்று அவரும் கேட்கவில்லை. நாங்கள் போய் இறங்கிய அன்று அவர் லீவு. வாசலில் வேறொரு பாடசாலையின் பிள்ளைகள் எண்பது பேர் வரிசையில் நின்றார்கள். எங்கள் பக்கத்துப் பத்திரங்கள் மட்டும் ஒழுங்கு: அதிபரின் கடிதம், பெற்றோர் ஒப்புதல், வலயக் கல்வி அலுவலக அனுமதி, பஸ்ஸின் காப்புறுதி, பயண அனுமதி, சாரதியின் அனுமதிப்பத்திரப் பிரதி. இதற்கு ஆறு கிழமை எடுத்தது. நீங்கள் எட்டுக் கிழமை ஒதுக்குங்கள். பஸ்காரர் கடைசி நேரத்தில் வேறு பஸ்ஸோடு வந்து நின்றால் அனுமதிக்குக் கொடுத்த இலக்கம் பிழைத்துவிடும். மாற்று பஸ்ஸின் பத்திரங்களையும் முன்பே வாங்கி வைப்பது நல்லது.

நாள் பார்ப்பதும் சின்ன வேலையில்லை. ஐப்பசிக்குப் பிறகு மாரி மழை பிடித்தால் எங்கள் பக்கத்து வீதிகளில் வெள்ளம் எப்போது ஏறும் என்று சொல்ல முடியாது. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் கிழமையில் நாள் வைத்தால் பாதிப் பிள்ளைகள் கோயிலில் நிற்பார்கள். தொல்பொருள் திணைக்களத்தின் நூதனசாலைகள் வழக்கமாகச் செவ்வாய்க்கிழமை பூட்டு. போயாவையும் அரச விடுமுறைகளையும் ஒவ்வோர் இடமும் ஒவ்வொரு மாதிரிக் கையாளும், ஆகவே கேட்டு எழுதி வாங்குங்கள். தவணைப் பரீட்சைக்கு முந்தின மாதம் வேண்டவே வேண்டாம். போய்வந்த பிறகு செய்யவேண்டிய வேலைக்கு நேரமே இருக்காது. அந்தப் பிழையையும் நாங்கள் செய்தோம்.

இரவு பத்து மணிக்குப் புறப்பட்டால் தங்கும் செலவு மிச்சம் என்று எல்லோரும் சொல்வார்கள். காலை ஆறு மணிக்குக் கொழும்பில் நின்றோம். 48 பிள்ளைகள் முகம் கழுவ எரிபொருள் நிலையத்தில் இரண்டு கழிப்பறை. அதிலேயே ஐம்பது நிமிடம். பிறகு கலைக்கூட வாசலில் காத்திருப்பு. உள்ளே போனது 10.40, வெளியே வந்தது 11.15. உள்ளே குளிரூட்டி போட்டிருந்தது. இரவு முழுக்க ஜன்னலில் தலை முட்ட இருந்துவந்த பிள்ளைகளுக்கு அந்தக் குளிரில் கண் சொருகியது. ஒருத்தன் சிற்பப் பீடம் என்று தெரியாமல் அதில் சாயப்போய்க் காவலாளியிடம் ஏச்சு வாங்கினான். பின்னேரம் தெஹிவளை மிருகக்காட்சிசாலை. திரும்பி வந்து பயணக் கட்டுரை எழுதச் சொன்னேன். 48 பேரில் 31 பேர் ஒட்டகச்சிவிங்கியைப் பற்றி எழுதியிருந்தார்கள். அவர்களில் பிழை சொல்ல முடியாது. அதைப் பார்க்க அவர்களுக்கு ஒன்றரை மணித்தியாலம் கிடைத்தது.

இதற்கெல்லாம் மேலே மொழி. வழிகாட்ட வந்த தம்பி நல்ல பிள்ளை, ஆனால் சிங்களம் மட்டும்தான். என் சிங்களம் கடையில் சாமான் வாங்க மட்டும் காணும். அவர் ஐந்து நிமிடம் விளக்கியதை நான் இரண்டு வரியில் சொல்லி முடித்தேன். “ரீச்சர், அந்த அண்ணா எவ்வளவு நேரமாக் கதைக்கிறார், நீங்கள் டக்கெண்டு முடிச்சிட்டியள்” என்று ஒரு பெடியன் சொன்னபோது வெட்கமாக இருந்தது. மும்மொழி நாடு என்று இருந்துவிடாமல், தமிழில் விளக்க ஆள் உண்டா என்று தனியாகக் கேளுங்கள். இல்லையென்றால் நல்ல மொழிபெயர்ப்பாளரை நீங்களே கூட்டிப்போங்கள். நுண்கலை படித்த தமிழ் மாணவர் ஒருவர் கொழும்பில் அகப்படாமல் போகமாட்டார். அப்போதும் ஒரு கணக்கு மறக்கக்கூடாது. மொழிபெயர்ப்போடு நடந்தால் நேரம் இரட்டிக்கும். ஒரு மணித்தியாலத்தில் ஐந்து ஓவியம் என்றிருந்தால் மூன்றாகக் குறையுங்கள்.

கேள்வித்தாள் என் சொந்தப் பிழை. இருபது கேள்வி: ஓவியத்தின் பெயர், ஓவியர், ஆண்டு, ஊடகம். இவையெல்லாம் ஓவியத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அட்டையில் இருக்கும். பிள்ளைகள் அட்டையைப் பார்த்து எழுதிக்கொண்டே போனார்கள், ஓவியத்தைப் பார்த்தவர்களைக் காணவில்லை. போதாக்குறைக்கு 48 பேனையும் நான்கு பெட்டி நீர்வர்ணமும் வாசலில் வாங்கி வைக்கப்பட்டன. பேனை, மை, வர்ணம் பெரும்பாலான நூதனசாலைகளில் உள்ளே போகாது, பென்சில் மட்டும்தான். தெரிந்திருக்கவேண்டிய விடயம்.

இரண்டாம் வருடம் பஸ்காரரைத் தேட முதல் ஒரு பக்கத்தில் ஒப்பந்தம் எழுதினோம். இந்த முறை சின்னதொரு கலைக்கூடம். முத்திரை, சட்டம் ஒன்றுமில்லை. இரண்டு பகுதியும் கையெழுத்திட்ட ஏ4 தாள். பொறுப்பானவர் பெயரும், அவர் இல்லாவிட்டால் யார் என்பதும் முதல் வரி. விளக்கம் தமிழில் என்பது இரண்டாவது. பிள்ளைகள் 24 பேர், எட்டு எட்டாக மூன்று குழு, மூன்றும் வேறு வேறு ஓவியத்தில் தொடங்கி 20 நிமிடத்துக்கு ஒருக்கால் மாறும். ஒரு ஓவியத்துக்கு முன்னால் எட்டுப் பேருக்கு மேல் நின்றால் பின்னால் நிற்பவருக்கு முன்னாலிருப்பவரின் தலைதான் தெரியும். காட்டப்போகும் ஓவியங்களின் படங்கள் ஒரு மாதம் முன்பே எங்களுக்கு வரவேண்டும். கலைக்கூடத்திலிருந்து ஒருவர் பயணத்துக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை எங்கள் வகுப்புக்கு வரவேண்டும். செலவில் யாருக்கு எவ்வளவு என்பதும் இலக்கத்தில்.

கடைசி வரி படம் எடுப்பது பற்றியது, அதில் கொஞ்சம் இழுபறிப்பட்டோம். கலைக்கூடங்கள் தங்களுக்கு நிதி கொடுப்பவர்களுக்கு அறிக்கை அனுப்பவேண்டும். பிள்ளைகள் ஓவியம் பார்க்கும் படம் அவர்களுக்குத் தேவை. அதில் பிழையில்லை, நாங்கள் அவர்களுக்குக் கொடுக்கக்கூடிய கைமாறு அது. பிள்ளைகள் தமிழில் எழுதும் ஓவியக் குறிப்புகளையும் கொடுக்கலாம், அவர்களுக்கு அது இன்னும் பயன்படும். ஆனால் பெற்றோரின் எழுத்து மூல சம்மதம் இல்லாமல் முகம் தெரியக்கூடாது, படத்துக்குக் கீழே “போரால் பாதிக்கப்பட்ட சிறார்” என்று போடக்கூடாது என்று எழுதி வாங்கினோம். பத்தாம் வகுப்புப் பிள்ளை சித்திரம் பார்க்கப் போனால் அவள் சித்திர மாணவி, அவ்வளவுதான்.

பயணத்துக்கு முந்தின மூன்று பாடவேளைகளில்தான் பாதி வேலை நடக்கிறது. 40 நிமிடப் பாடவேளை ஒன்றில் இரண்டு ஓவியத்துக்கு மேல் எடுக்கவேண்டாம். நியூயோர்க்கின் நவீன கலை நூதனசாலையில் கல்விப் பகுதியை நடத்திய பிலிப் யெனவைனும் உளவியலாளர் அபிகேல் ஹௌசனும் சேர்ந்து உருவாக்கிய முறை ஒன்று இருக்கிறது. மூன்றே கேள்வி: இந்தப் படத்தில் என்ன நடக்கிறது, எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள், இன்னும் என்ன காணலாம். ஆசிரியர் ஓவியத்தின் பெயரையோ ஓவியரையோ முதலில் சொல்லமாட்டார். பிள்ளை சொன்னதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லி, அந்த இடத்தைக் கையால் காட்டுவார். சரி, பிழை என்று சொல்லமாட்டார். கேட்க லேசாக இருக்கிறது. “சரி, கெட்டிக்காரி!” என்று வாயில் வந்துவிடும், அதைச் சொன்ன கணமே மற்றப் பிள்ளைகள் வாயை மூடிவிடுவார்கள், விடை வந்துவிட்டதே.

இரண்டாவது கேள்வியில் நான் எதிர்பாராத சிக்கல் வந்தது. “எதைப் பார்த்து அப்படிச் சொல்லுறியள்?” என்றதும் பிள்ளைகள் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். “இல்லை ரீச்சர், நான் சும்மா சொன்னனான்.” எங்கள் ஊரில் அப்படிக் கேட்டால் விசாரணை. யார் சொன்னது, எப்படித் தெரியும், எங்கே கண்டனீ என்ற கேள்விகளுக்கு வாயைத் திறக்காதே என்று வீட்டில் சொல்லி வளர்த்த பிள்ளைகள். கேள்வியை மாற்றினேன்: “எந்த இடத்தில? வந்து காட்டுங்கோ.” பிள்ளை எழும்பி வந்து விரலால் காட்டும், காட்டிவிட்டால் காரணம் தானாக வரும். கலைக்கூடத்தில் விரல் ஓவியத்தில் படக்கூடாது, ஆகவே ஒரு மீற்றர் தள்ளி நின்று காட்டுவதை வகுப்பிலேயே பழக்கவேண்டும். நிலத்தில் சோக்கால் கோடு கீறி, கோட்டைத் தாண்டாமல் காட்டப் பழக்கினோம்.

படப் பிரதிகளுக்குப் பிளெக்ஸ் அடிக்காதீர்கள். மலிவுதான், ஆனால் மினுங்கும், ஜன்னல் வெளிச்சம் பட்டால் பின் வாங்கில் இருப்பவருக்கு வெள்ளைத் திட்டு மட்டும் தெரியும், நிறமும் மாறும். மினுக்கம் இல்லாத தடித்த தாளில் ஏ2 அளவு போதும். அங்குலத்துக்கு 150 புள்ளி வீதம் கணக்குப் பார்த்தால் படக் கோப்பு 2,480க்கு 3,508 புள்ளி இருக்கவேண்டும். வட்ஸ்அப்பில் வந்த படம் இதற்குக் காணாது; மின்னஞ்சலில் மூலக் கோப்பாகக் கேளுங்கள். வெளிநாட்டு ஓவியங்களுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. நியூயோர்க்கின் மெற்றோபொலிற்றன் நூதனசாலை 2017இலிருந்து உரிமை முடிந்த படைப்புகளின் படங்களை யாரும் எடுத்துப் பயன்படுத்த விட்டிருக்கிறது. சோழர் வெண்கலங்களும் அதில் உண்டு. 12க்கு 9 அங்குல ஹார்ட்போர்ட் துண்டுகள் பிள்ளைகளுக்கு. தச்சுப் பட்டறையில் கழிவுத் துண்டு வாங்கி, தலைக்கு ஒரு கிளிப் போட்டால் நின்றபடி கீற அட்டை தயார்.

எதைக் காட்டுவது என்று தெரிவு செய்வதில்தான் ருசி இருக்கிறது. நாங்கள் ஒரு சரடு பிடித்தோம்: காலைப் பிரார்த்தனையில் பிள்ளைகளுக்குத் தேவாரம் பாடம். திருக்கேதீச்சரத்துக்குச் சம்பந்தரும் பதிகம் பாடியிருக்கிறார், சுந்தரரும் பாடியிருக்கிறார். அந்தக் கோயில் இருக்கும் மன்னார் எங்களுக்குத் தூரமில்லை. பொலன்னறுவைச் சிவாலயங்களில் கிடைத்த சுந்தரர் வெண்கலமும் நடராசரும் கொழும்புத் தேசிய நூதனசாலையில் இருக்கின்றன. 1877 தை முதலாம் திகதி திறந்த நூதனசாலை அது. அந்த வெண்கலங்களை உலகுக்கு எடுத்துச் சொன்னவர்களில் ஒருவரான ஆனந்த குமாரசுவாமி பிறந்ததும் அதே வருடம்தான். வாயால் பாடுகிற ஆளை உருவமாகப் பார்க்கும்போது பிள்ளை நின்று பார்க்கும். அங்கிருந்து நவீன ஓவியத்துக்குப் போனோம்: 1943இல் கொழும்பில் கூடிய 43 குழு என்ற ஓவியர் குழு, அதில் ஜோர்ஜ் கீற்றின் கோடு. வெண்கலத்தின் வளைவையும் கீற்றின் வளைவையும் ஒரே தாளில் பென்சிலால் கீறிப் பார்க்கச் சொன்னால் உறவு தெரிந்துவிடும். யாழ்ப்பாணத்தில் 1938இல் எஸ். ஆர். கனகசபை தொடங்கிய வின்சர் ஆர்ட் கிளப், பிறகு வந்த ஓவியர் அ. மாற்கு என்று எங்கள் பக்கத்துக் கதையும் சொல்லவேண்டும். இல்லையென்றால் ஓவியம் என்பது கொழும்பில் உள்ள சாமான் என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள்.

வெண்கலச் சிலை வார்க்கும் விதம் விளங்க, மெழுகு வார்ப்பை வகுப்பில் செய்துபார்த்தோம். உலோகம் இல்லை, பிளாஸ்டர் ஒப் பரிஸ். தேன்மெழுகோடு கொஞ்சம் குங்கிலியம் சேர்த்து உருக்கி ஆறவிட்டால் கைக்கு வசப்படும். மெழுகுதிரி மெழுகு மட்டும் என்றால் உடையும். விரல் நீள உருவம் செய்து, நன்றாக அரித்த குளத்து வண்டலை முதலில் மெல்லிதாகப் பூசி, காய்ந்த பிறகு மணல் கலந்த களியை அரை அங்குலத் தடிப்பில் அப்பவேண்டும். வாய் ஒன்று, காற்றுப் போக ஈர்க்குத் துவாரம் ஒன்று. நிழலில் நான்கு நாள் காயட்டும். வெயிலில் வைத்தால் வெடிக்கும். வாயைக் கீழே பிடித்துக் கரித் தணலுக்கு மேலே, தூரத்தில், மெதுவாகச் சூடாக்கினால் மெழுகு வடியும். மெழுகு தணலில் விழுந்தால் குப்பென்று பற்றும், ஆகவே கீழே மண் சட்டி வேண்டும். இந்த வேலையை ஆசிரியர் மட்டும் செய்யவேண்டும். 100 கிராம் பிளாஸ்டருக்கு 70 கிராம் தண்ணீர், கரைத்தவுடன் ஊற்றவேண்டும். காற்றுத் துவாரத்தை மறந்த குழுவுக்குத் தும்பிக்கை இல்லாத பிள்ளையார் கிடைத்தார். நுனியில் காற்று அடைத்துவிட்டால் பிளாஸ்டர் அங்கே போகாது. மூன்று மாதம் கழித்து நூதனசாலையில் அதே குழு நடராசரைச் சுற்றி வந்து, “இந்த விரலுக்கெல்லாம் எங்க காத்து விட்டவங்கள்?” என்று கேட்டது. எனக்கு அந்த ஒரு கேள்வி காணும்.

மூன்றாவது பாடவேளை நூதனசாலை ஒழுக்கம். சட்டமாகச் சொன்னால் மறந்துவிடுவார்கள், காரணத்தைச் சொன்னால் நிற்கும். கையில் உள்ள வியர்வையில் உப்பும் எண்ணெயும் இருக்கிறது. வெண்கலத்தில் உப்பு ஏறினால் பச்சைப் பொடியாக அரிக்கும். தாளில் கீறிய ஓவியமும் துணியும் வெளிச்சத்தில் மங்கும், மங்கினது திரும்பாது. அதனால் அவற்றுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு மங்கல் வெளிச்சம்தான் விடுவார்கள். தைல ஓவியம் அதைவிட மூன்று நான்கு மடங்கு தாங்கும். முதல் வருடம் “இதென்ன, கரண்ட் இல்லையோ” என்று கேட்ட பிள்ளைகள் இருந்தார்கள். முதுகுப் பையை வாசலில் வைக்கச் சொல்வது களவுக்காக இல்லை. திரும்பும்போது பை எதில் இடிக்கிறது என்று போட்டிருப்பவருக்குத் தெரியாது. நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து பார்க்கலாமா என்று முன்பே கேட்டு வையுங்கள். விட்டால், கவனம் இரண்டு மடங்கு நிற்கும்.

வன்னி ஆசிரியர்கள் இரண்டு விடயத்தில் கவனமாக இருக்கவேண்டும். நவீன ஓவியக் கண்காட்சிகளில் போர், காணாமற்போனோர் பற்றிய படைப்புகள் இருக்கும். அவற்றைத் தவிர்க்கச் சொல்லவில்லை. ஆசிரியர் முன்பே பார்த்திருக்கவேண்டும், பிள்ளை வெளியே போய் நிற்க ஓர் இடமும் கூட ஒருவரும் இருக்கவேண்டும், அதைப் பற்றிப் பேசச்சொல்லி யாரும் வற்புறுத்தக்கூடாது. மற்றது வீட்டுப் பொருள். நூதனசாலைக் கல்வியில் வழக்கமான ஒரு பயிற்சி, “வீட்டில் உள்ள பழைய பொருள் ஒன்றைக் கொண்டுவாருங்கள்.” கலைக்கூடத்திலிருந்து வந்தவர் நல்ல எண்ணத்தோடுதான் அதைச் சொன்னார். அடுத்த நாள் பாதிப் பேர் வெறுங்கையோடு வந்தார்கள். 2009இல் கையில் அகப்பட்டதோடு ஓடி வந்த குடும்பங்கள்; அம்மாவின் கலியாணப் படம்கூட இல்லாத வீடுகள். பயிற்சியை “இப்ப வீட்டில பாவிக்கிற பொருள்” என்று மாற்றினோம். திருவலகை, மீன் பறி, பனையோலைப் பெட்டி, தகரப் பேணி வந்தன. ஒரு பிள்ளை நிவாரணத்தில் கிடைத்த தறப்பாள் துண்டைக் கொண்டுவந்து, அது இப்போது ஆட்டுக்கொட்டிலுக்குக் கூரை என்று எழுதினாள்.

பயணம் இரண்டு நாள். காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டு, பின்னேரம் கொழும்பு போய், தமிழ்ப் பாடசாலை ஒன்றின் மண்டபத்தில் தங்கி, நித்திரை கொண்டு எழும்பி ஒன்பது மணிக்குக் கலைக்கூடம். பெண் பிள்ளைகளுக்குத் தனி இடமும் பெண் ஆசிரியர் இருவரும் இருந்தால்தான் இரவு தங்கல் சரிவரும். 29 இருக்கை பஸ் 95,000, சாப்பாடு 30,000, மற்றது 15,000, மொத்தம் 140,000. புலம்பெயர்ந்த பழைய மாணவர்கள் 60,000, பாடசாலை அபிவிருத்திச் சங்கம் 40,000, கலைக்கூடம் 40,000. பிள்ளைகளிடம் ஒரு சதமும் வாங்கவில்லை. 24 பேரைத் திருவுளச் சீட்டில் எடுத்தோம். கெட்டிக்காரர் யார் என்று தெரிவு செய்யப் போயிருந்தால் வகுப்பு இரண்டாகியிருக்கும். போகாதவர்களுக்கும் முந்தின மூன்று பாடவேளையும் பிந்தின வருகையும் கிடைத்தன. தலைக்கு 5,800 ரூபாய் கிட்ட வருகிறது, முதல் வருடத்தைவிடக் கூட. கலைக்கூடத்தில் மட்டும் 95 நிமிடம் நின்றோம், பின்னேரம் தேசிய நூதனசாலையில் வெண்கலங்களுக்கு ஒரு மணித்தியாலம். மிருகக்காட்சிசாலை இல்லை. அதற்குப் பிள்ளைகள் இன்னும் என்னைத் திட்டுகிறார்கள்.

கொழும்பு கட்டாயமில்லை என்பதையும் சொல்லவேண்டும். கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணமும் வவுனியாவும் ஒன்றரை, இரண்டு மணித்தியாலத் தூரம். இரண்டிலும் தொல்பொருள் நூதனசாலை உண்டு. காலை போய்ப் பின்னேரம் திரும்பலாம், பஸ் காசு நான்கில் ஒரு பங்கு. ஓவியம் அங்கே குறைவு, ஆனால் கல்லிலும் மண்ணிலும் உருவம் பார்க்கப் பழக அது போதும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நுண்கலை மாணவர்கள் கண்காட்சி வைக்கும் நேரத்தோடு பொருத்திப் போனால் கீறினவரையே பிள்ளைகள் தமிழில் கேள்வி கேட்கலாம். அதுவும் முடியாத வருடத்தில் ஊர்க் கோயில் தேர்முட்டியில் இருபது நிமிடம் தேர்ச் சிற்பத்தைக் கீறவைக்கலாம். தர்மகர்த்தாவிடமும் ஐயரிடமும் முதல் நாளே கேட்டுவிடுங்கள். பூசை நேரத்தில் போகவேண்டாம்.

பெற்றோர் கூட்டத்தில் வரும் கேள்வி ஒன்றுதான்: “இது சோதினைக்கு வருமோ ரீச்சர்?” சாதாரண தரச் சித்திரப் பாடத்தில் கலை வரலாறும் ரசனையும் இருக்கின்றன, ஆகவே வரும் என்றே பதில் சொல்லலாம், பொய்யில்லை.

பிந்தின வருகைக்குக் கலைக்கூடத்துக்காரர் ரயிலில் கிளிநொச்சி வந்து இறங்கினார். வாங்கைச் சுவரோரம் அடுக்கி, பிள்ளைகளின் வரைதலையும் வீட்டுப் பொருளையும் வைத்து, ஒவ்வொன்றுக்கும் தமிழில் 50 சொல் அட்டை எழுதியிருந்தோம். 50 சொல்லுக்கு மேல் போனால் நின்று வாசிக்கமாட்டார்கள் என்பதை அவர்தான் சொல்லித் தந்தார். எழுத்தின் அளவு கணினியில் 18 புள்ளிக்குக் குறையக்கூடாது, அட்டையின் நடுப்பகுதி பிள்ளையின் கண் மட்டத்தில், நிலத்திலிருந்து ஏறத்தாழ 130 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கவேண்டும். முதல் வருடம் பஸ்ஸில் சத்தி வரும் என்று நின்ற பிள்ளை இப்போது உயர்தரம். திருவலகைக்கு அட்டை எழுதிய தங்கச்சிக்கு அவள்தான் எழுத்துப் பிழை பார்த்துக் கொடுத்தாள். திருவுளச் சீட்டில் தங்கச்சியின் பெயர் விழவில்லை. அடுத்த வருட ஒப்பந்தத்தில் முந்தின வருடம் சீட்டு விழாதவர்களுக்கு முதலிடம் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறோம். கலைக்கூடத்தின் கையெழுத்து இன்னும் வரவில்லை.